கையேடும் சேவைதான்: டெபியனில் ஸ்கிரிப்ட் மொழி ஆவணங்கள் தொகுக்கப்படும் விதம்

(மாவட்ட அலுவலகங்களின் தொழில்நுட்ப உதவியாளர்களுக்கும் இ-சேவை மையப் பணியாளர்களுக்குமான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் அலுவலக வேலையைச் சுலபமாக்கச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறோம். மனுக்களை வட்டம் வாரியாகப் பிரிக்க ஒன்று, நிலுவைப் பட்டியல் எடுக்க ஒன்று, ராத்திரியில் தானாக பேக்கப் எடுக்க ஒன்று. சிலது பைத்தானில் இருக்கும், சிலது பெர்லில், சிலது பாஷில். எல்லாம் ஓடுகிற வரைக்கும் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒருநாள் அது நின்றுவிட்டால் கவுன்டரில் டோக்கனோடு நிற்பவர்களும் நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் நமக்குக் கை கொடுப்பது அந்த மொழியின் கையேடு. அது நம் கணினிக்கு எப்படி வந்து சேருகிறது, அதற்குப் பின்னால் என்ன உழைப்பு இருக்கிறது, அதிலிருந்து நம் அலுவலகத்துக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

எடுத்துக்காட்டாக டெபியனை எடுத்துக்கொள்கிறேன். 1993-ஆம் ஆண்டு இயன் முர்டாக் தொடங்கிய கட்டற்ற இயங்குதளம் இது. உபுண்டு இதிலிருந்து கிளைத்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். ஆகவே இது எங்கேயோ நடக்கும் கதை இல்லை, நம் மேசைக் கணினியைப் பற்றிய கதையும்தான்.

கையேடு ஏன் தனியாக வருகிறது?

டெபியனில் மென்பொருள் எல்லாம் தொகுப்புகளாக வரும். பேக்கேஜ் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். பைத்தான் மொழி ஒரு தொகுப்பு. அதன் முழுக் கையேடு 'பைத்தான்3-டாக்' என்ற வேறொரு தொகுப்பு. அதுபோலவே பெர்லுக்கு 'பெர்ல்-டாக்', பாஷுக்கு 'பாஷ்-டாக்'.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? ஆவணம் பெரிதாக இருந்தால், அது தேவைப்படாதவரின் வட்டில் இடத்தை அடைக்கக் கூடாது என்பது டெபியனின் கொள்கை. நியாயமான காரணம்தான். ஆனால் இதன் விளைவு ஒன்று உண்டு: பைத்தானை நிறுவினால் கையேடு கூடவே வராது. நாம் கேட்டால்தான் வரும். பெர்ல் இருக்கும் கணினியில் 'பெர்ல்டாக்' என்று கட்டளை கொடுத்தால், பெர்ல்-டாக் தொகுப்பை நிறுவச் சொல்லி ஒரு வரி வந்து நிற்கும். சிலர் அதைப் பார்த்து ஏதோ பழுது என்று விட்டுவிடுகிறார்கள். பழுது இல்லைங்க, அது வழி சொல்கிறது.

"நெட்ல பார்த்துக்கலாமே?"

இந்தக் கேள்வி எப்போதும் வரும். இணையம் இருக்கும்போது பார்க்கலாம். ஆனால் இரண்டு சிக்கல் இருக்கிறது.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. இணைப்பு போன நேரத்தில்தான் ஸ்கிரிப்டும் தகராறு பண்ணும். சில அலுவலகங்களில் பாதுகாப்புக்காகச் சர்வரை இணையத்தோடு இணைப்பதே இல்லை.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது, அதனால் ஆபத்தும் கூடுதல். பைத்தானின் இணையக் கையேடு வழக்கமாகப் புதிய பதிப்பைத்தான் திறக்கும். உங்கள் கணினியில் இருப்பதோ வேறு பதிப்பாக இருக்கலாம். 2023-இல் வந்த டெபியன் 12-ல் இருப்பது பைத்தான் 3.11. 1,000 விண்ணப்பங்களை 50 ஐம்பதாகப் பிரிக்க வேண்டும் என்று வையுங்கள். இணையக் கையேட்டில் தேடினால் இட்டர்டூல்ஸ் பகுதியில் 'பேட்ச்ட்' என்ற செயற்கூறு கிடைக்கும். பார்த்து அப்படியே எழுதுவோம். ஓடாது. அது 3.12-இல்தான் சேர்க்கப்பட்டது. பக்கத்தில் சின்னதாக அந்தக் குறிப்பு இருக்கும், அவசரத்தில் கண்ணில் படாது. நம்ம எழுத்தில்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு அரை நாளைத் தொலைப்போம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய வலைப்பக்கங்களில் படிவம் வாங்குவதற்குப் பயன்பட்ட 'சி.ஜி.ஐ' என்ற கூறு பைத்தான் 3.13-இல் நீக்கப்பட்டது. 2025-இல் வெளிவந்த டெபியன் 13-ல் இருப்பது அந்த 3.13-தான். அதாவது, இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் காலை அந்தப் பழைய ஸ்கிரிப்ட் படுத்துவிடும். ஆனால் 3.11-இன் கையேட்டிலேயே, இது 3.13-இல் நீக்கப்படும் என்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். பைத்தான்3-டாக் நிறுவியிருந்த இடத்தில் அந்த எச்சரிக்கை கணினிக்குள்ளேயே, இரண்டு ஆண்டுக்கு முன்பே இருந்தது.

தொகுப்பாக வரும் கையேட்டின் பெரிய நன்மை இதுதான். கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ, அதே பதிப்பின் கையேடு. மொழி மேம்படும்போது கையேடும் சேர்ந்தே மேம்படும்.

திரைக்குப் பின்னால் நடக்கும் வேலை

பைத்தான் தளத்தில் இருக்கும் பக்கங்களை இறக்கி ஒரு ஜிப்பில் போட்டால் தொகுப்பு ஆகிவிடாதா? ஆகாது. டெபியன் தொகுப்பாளர் செய்யும் வேலையை நான்கு படியாகச் சொல்கிறேன்.

ஒன்று, மூலத்திலிருந்து உருவாக்க வேண்டும். பைத்தான் கையேட்டின் மூலம் எளிய உரைக் கோப்புகள். அவற்றை வலைப்பக்கமாக மாற்றுவது ஸ்பிங்க்ஸ் என்ற கருவி. பைத்தான் கையேட்டுக்காகவே ஜியார்க் பிராண்டல் உருவாக்கியது அது. தொகுப்பாளர் அந்த மூலத்தை எடுத்து, டெபியன் கணினியில் புதிதாகக் கட்டி எடுக்கிறார். கட்டும்போது இணையத்தைத் தொடக் கூடாது என்பது விதி. வேறொரு நிரலகத்தின் கையேடு பைத்தான் கையேட்டுக்கு இணைப்பு கொடுக்க வேண்டுமானால், ஸ்பிங்க்ஸ் அதற்கான அட்டவணையை இணையத்தில் தேடும். அது முடியாதே! ஆகவே கணினியில் நிறுவப்பட்ட பைத்தான்3-டாக்கிலேயே அந்த அட்டவணையைப் பார்க்கும்படி தொகுப்பாளர் மாற்றி அமைக்கிறார்.

இரண்டு, உரிமம். எந்தத் தொகுப்பாக இருந்தாலும் அதில் பதிப்புரிமைக் கோப்பு ஒன்று கட்டாயம். யார் எழுதியது, எந்த நிபந்தனையில் பகிரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். கையேடுகளில் இந்த விஷயம் பெரிய விவாதமாகவே ஆனது. குனூ ஆவண உரிமத்தில், சில பகுதிகளை யாரும் மாற்றக் கூடாது என்று எழுத்தாளர் நிபந்தனை போட இடமுண்டு. 2006-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, மாற்றக்கூடாத பகுதி இல்லாத கையேடுதான் கட்டற்றது என்று முடிவு செய்தார்கள். அதனால்தான் பாஷ் கையேடு முதன்மைத் தொகுதியில் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளான குனூ ஆக்கின் கையேடோ 'கட்டற்றதல்லாத' பிரிவில் தனியாக இருக்கிறது. அந்தப் பிரிவைச் சேர்க்காமல் தேடினால் கிடைக்காது. நிரல் கட்டற்றது, கையேடு இல்லை! மென்பொருளைத் திருத்தும் உரிமை இருந்தும், அதற்கேற்பக் கையேட்டைத் திருத்த உரிமை இல்லையென்றால் அது பாதி உரிமைதானே என்பது அவர்கள் வாதம்.

மூன்று, வாசகரின் அந்தரங்கம். இன்றைய வலைப்பக்கங்கள் பல, எழுத்துருவையும் ஜாவாஸ்கிரிப்டையும் வருகைக் கணக்கெடுப்பு நிரலையும் வெளித் தளங்களிலிருந்து இழுக்கும். அப்படிப்பட்ட பக்கத்தை நம் வட்டிலிருந்து திறந்தாலும், யார் எப்போது திறந்தார்கள் என்ற தடயம் வெளியே போய்விடும். டெபியனின் 'லிண்டியன்' என்ற சோதனைக் கருவி இதைக் கண்டுபிடித்து அந்தரங்க மீறல் என்று எச்சரிக்கும். தொகுப்பாளர் அந்த வரிகளை நீக்கி, கணினியிலேயே இருக்கும் கோப்புகளைச் சுட்டிக்காட்டும்படி திருத்துவார்.

நான்கு, திரும்பக் கட்டினாலும் அதுவே வர வேண்டும். ஒரே மூலத்தை இன்று கட்டினாலும் அடுத்த மாதம் வேறொருவர் கட்டினாலும் இம்மியும் மாறாத கோப்பு கிடைக்க வேண்டும். அப்போதுதான் இடையில் யாரும் கை வைக்கவில்லை என்று சரிபார்க்க முடியும். கையேடுகளில் இதைக் கெடுப்பது 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்று அடியில் அச்சாகும் வரி. அதனால் கட்டும் நேரத்தைப் போடாமல், தொகுப்பின் மாற்றக் குறிப்பில் உள்ள தேதியைப் போடச் செய்கிறார்கள்.

இவ்வளவையும் செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்கள் பெயர் கையேட்டின் அட்டையில் இருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், அலுவலகக் கணினியில் பைத்தானோ பெர்லோ பயன்பட்டால் அதற்குரிய டாக் தொகுப்பையும் நிறுவிவிடுங்கள். 'ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-டாக்' என்ற ஒரே கட்டளை போதும். கணினியில் யு.எஸ்.ஆர் அடைவு, அதற்குள் ஷேர், அதற்குள் டாக் என்று போனால் கிடைக்கும், பிரவுசரில் திறந்து படிக்கலாம். இணையம் இல்லாத கணினி என்றால், டெபியனின் டிவிடி கோப்பிலிருந்து நிறுவலாம். டாக் தொகுப்புகள் எந்த வகைச் செயலிக்கும் பொதுவானவை. ஆகவே ஒருமுறை இறக்கியதை, அதே டெபியன் பதிப்பு உள்ள எல்லாக் கணினிக்கும் பயன்படுத்தலாம்.

அடுத்தது, நாம் எழுதும் ஸ்கிரிப்டுக்கு. நிறுவப்படும் நிரலுக்குக் கையேட்டுப் பக்கம் இல்லையென்றால், அதையே ஒரு பிழையாகக் கருதுகிறது டெபியன். நிரல் ஒழுங்காக ஓடினாலும் பிழைதான். இந்த ஒரு விதியை நாம் எடுத்துக்கொண்டால் போதும் என்பேன். ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது, எந்தக் கோப்பைப் படிக்கிறது, எங்கே எழுதுகிறது, எந்தப் பதிப்பில் சோதித்தது, நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது. ஐந்து கேள்வி, ஒரு பக்கம், தமிழிலேயே எழுதலாம். எழுதியவர் மாறுதலாகிப் போன பிறகு அந்த நாற்காலிக்கு வருபவருக்கு அது கிடைக்க வேண்டும். ஸ்கிரிப்டையும் அந்தப் பக்கத்தையும் ஒரே டெப் தொகுப்பாகக் கட்டிவிட்டால் இரண்டும் பிரியாது. புதுக் கணினிக்கு ஸ்கிரிப்ட் போகும்போது கையேடும் கூடவே போகும்.

மூன்றாவது, நம் சேவை இணையதளங்களின் உதவிப் பக்கங்களை எழுதுபவர்களுக்கு. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முறை மாறிவிட்டது, உதவிப் பக்கத்தில் பழைய படமே இருக்கிறது என்றால், அதுவும் பதிப்பு பொருந்தாத கையேடுதான். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் தப்பான ஆவணத்தோடு வந்து திரும்பிப் போவார். திரை மாறும் அன்றைக்கே உதவிப் பக்கமும் மாற வேண்டும்.

கடைசியாக, நேரமும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு. டெபியன் கையேட்டில் ஒரு தவறைக் கண்டால் 'ரிப்போர்ட்பக்' கருவி மூலம் தெரிவிக்கலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். தொகுப்பு உருவாக்கப் பழகினால், பதிவேற்றும் உரிமை உள்ள ஒருவர் அதைச் சரிபார்த்து உங்கள் சார்பில் ஏற்றுவார். டெபியனின் நிறுவல் திரைகள் தமிழில் வருகின்றன. அதையும் யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்ததால்தான் வருகின்றன. பைத்தான் கையேட்டை மொழிபெயர்ப்பதற்கான வழிமுறையும் 2017-இல் வகுக்கப்பட்டது. ஜப்பானியம், கொரியன், பிரெஞ்சு மொழிகளில் அது படிக்கக் கிடைக்கிறது. தமிழில் செய்யவும் அதே வழிமுறைதான்.

இன்றைக்கு அலுவலகம் திரும்பியதும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் கணினியில் தினமும் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்து, நான் சொன்ன ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிப் பாருங்க. எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லையோ, அங்கேதான் நாளைக்கு வரிசை நிற்கப் போகிறது.