பட்டா எங்கே?

மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, மீனாட்சிபுரத்து வளவு வீடுகளில் வாடகை கொடுத்தே நரைத்துப்போன அண்ணாச்சிமாரே! எனக்கு ஒரே கேள்விதான். பட்டா எங்கே?

1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் மாஞ்சோலை மலையில் 8,373 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. ஒரு கொலை வழக்குச் செலவுக்குத்தான் என்பார்கள். கம்பெனி பணம் கொடுத்தது, ஜமீன் காட்டைக் கொடுத்தது. அட்டைக்கு ரத்தம் கொடுத்தது யார்? (கைதட்டல்)

ஜமீன் போச்சு, வெள்ளைக்காரனும் போனான். தலைமுறை தலைமுறையாக லைன் வீட்டில் பிறந்து கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சென்ட் பட்டா உண்டா? 2024 ஜூனில் கம்பெனிக்காரர்கள் விருப்ப ஓய்வுத் தாளை நீட்டினார்கள். யாருடைய விருப்பம்? கையெழுத்துப் போடு, வீட்டைக் காலி பண்ணு! வேலையோடு கூரையும் போகிறது.

'அது புலிக்காடு, மனுசன் இறங்கணும்' என்கிறார்கள். 95 வருஷம் தேயிலை விற்றபோது புலி மாமியார் வீட்டுக்கா போயிருந்தது? (சிரிப்பு) 'ரெட்டியார்பட்டியில் அடுக்குமாடி தருகிறோமே' என்கிறார்கள். நாலுமுக்கு ஆச்சி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "எய்யா, மாடியில மாட்ட எங்க கட்ட?" இதுவரை எந்த அதிகாரியும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.

டவுன்காரன் மட்டும் வாழ்ந்துவிட்டானா? பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீடு கட்ட இரண்டு லட்சத்துக்கு மேல் தருகிறார்கள். போய்க் கேளுங்கள், முதல் கேள்வியே 'பட்டா எங்கே?' இடம் உள்ளவனுக்குத்தான் வீடாம்! குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பேர் மாற்றினார்கள். வாரியத்துக்குப் பேர் மாறியது. வாய்க்கால் புறம்போக்கில் கிடக்கிறவன் பேர் மட்டும் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. தாலுகா ஆபீசுக்கு நடந்து அவன் செருப்புத்தான் தேய்ந்தது.

1999 ஜூலை 23! கூலியை உயர்த்து என்று கேட்டுத்தானே மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள்? தடியடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பிணம்! அதில் ஒரு பச்சைக்குழந்தை! அந்த ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, 'அமைதியாக இறங்கிப் போங்கள்' என்று எங்களுக்குப் புத்தி சொல்லாதே!

2028-இல் குத்தகை முடிகிறது. காடு அரசாங்கத்துக்கு, கணக்கு கம்பெனிக்கு. நமக்கு?

வருகிற திங்கட்கிழமை மனுநாள். மலைக்காரர்களும் டவுன்காரர்களும் ஒரே வரிசையில் நிற்போம். காலை பத்து மணிக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வந்துவிடுங்கள். ரேஷன் கார்டு நகலை மறக்காதீர்கள்.