வழியும் வழி நடக்கும் பாத்தியமும்



பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்களுக்கு இடையே உள்ள உரிமைகளுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதற்காக மட்டும் இரண்டு நாள் கூடியிருக்கிறோம். பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பத்திர எழுத்தர்கள் நான்கு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐயா, தயவுசெய்து முன்னால் வாருங்கள். நாம் தேடப்போகும் சொற்களில் பாதி உங்கள் பேனாவில் இருக்கிறது.

நான் முன்சீப் கோர்ட்டில் ஜூனியராக இருந்த முதல் வருடம், என் சீனியர் இரண்டு கிரயப் பத்திரங்களை மேசையில் போட்டார். அண்ணன் தம்பி பாகம் பிரித்த தென்னந்தோப்பு; பிறகு இரண்டு பாகமும் வேறு வேறு கைக்குப் போய்விட்டது. நடுவே ஒரு வண்டிப்பாதை. ஒரு பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘எட்டடி வண்டிப்பாதை உள்பட’ என்று இருந்தது. மற்றதில் ‘ஷை எட்டடி வண்டிப்பாதையில் போக்குவரத்துப் பாத்தியம் உள்பட’. இரண்டாமவர் அந்தப் பாதைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் பதித்துவிட்டார். முதலாமவர் வழக்குப் போட்டார். நான் சக்குபந்தியை நாலு தடவை படித்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சீனியர் பென்சிலால் ஓரிடத்தில் வட்டம் போட்டார். “தம்பி, கேஸ் முழுக்க இந்த ‘இல்’லுலதான் இருக்கு” என்றார். பாதை ஒருவருடையது, பாதையில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும் மட்டுமே மற்றவருடையது. நடக்கிற உரிமை தோண்டுகிற உரிமை ஆகாது. குழாயை எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு வேற்றுமை உருபு இவ்வளவு செய்கிற மொழியில், நாம் ‘ஈஸ்மெண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடிக் களைத்துப்போகிறோம் என்பது என் வருத்தம்.

இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் 1882 ஆம் ஆண்டின் 5 ஆம் சட்டம். முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. ஆக, 140 ஆண்டுகளுக்கு மேலாக நம் கோர்ட்டுகளில் புழங்குகிற சட்டம் இது. அகராதிகள் ஈஸ்மெண்டை ‘வசதியுரிமை’ என்கின்றன. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. வசதி என்றதும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும் என்றுதான் காதில் விழுகிறது. தோப்புக்குள் மாட்டிக்கொண்டவனுக்கு வழி என்பது வசதியா? ஆனாலும் சொல் ஊன்றிவிட்டது, பிடுங்கப் போவதில்லை.

‘பாத்தியம்’ கதை வேறு. நடைப்பாத்தியம், வண்டிப்பாத்தியம், ஜலதாரைப் பாத்தியம், கிணற்றில் கால் பங்குப் பாத்தியம் என்று ஊரே பேசுகிறது. இதையே கலைச்சொல்லாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், நிலமே எனக்குச் சொந்தம் என்பதற்கும் பாத்தியம், அதில் நடக்கலாம் என்பதற்கும் பாத்தியம். கிணற்றில் கால் பங்கு என்பது உடைமை. அந்தக் கிணற்றிலிருந்து அடுத்தவர் வயல் வழியே வாய்க்கால் விட்டுப் பாய்ச்சுவது வசதியுரிமை. ஒரே வரியில் இரண்டும் ஒரே சொல்லால் எழுதப்படுகின்றன.

‘மாமூல் வழி’ இன்னும் மோசம். (இன்றைய தெருவில் மாமூல் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) வேறு வழியே இல்லாத பங்குக்குச் சட்டம் 13 ஆம் பிரிவில் ஒரு வழி கொடுக்கிறது, தேவை தீர்ந்த அன்று அது 41 ஆம் பிரிவின்படி போய்விடும். 20 வருடம் அமைதியாக, வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகவே நடந்து வந்த வழியோ 15 ஆம் பிரிவில் வருவது. பின்பக்கம் புது ரோடு போட்டாலும் அது அழியாது. இவ்விரண்டையும் ‘மாமூல் வழி’ என்றே பிராதில் எழுதிவிட்டு, எந்த வழி என்று நீதிபதி கேட்கும்போது விழிக்கிறோம்.

பழைய தமிழுக்கு இந்த நுணுக்கம் தெரியாமல் இல்லை. சோழர் செப்பேடுகளில், ஓர் ஊர் வழியே வாய்க்காலில் பிற ஊருக்குப் பாயும் மேனடைநீர், கீழ்நடைநீர் பற்றித் தனியாக எழுதியிருக்கிறது. குற்றேத்தம் (சிறு ஏற்றம்) போட்டோ கூடையால் இறைத்தோ அந்த வாய்க்காலில் நீர் எடுக்கக்கூடாது என்ற தடையும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் 1707இல் டச்சு அதிகாரி ஒருவரால் தொகுக்கப்பட்டது. அதன்படி, வேலி ஓரத்து மரம் அடுத்தவன் வளவுக்குள் சாய்ந்தால் காய் யாருக்கு? பாடுபட்டு நட்டு வளர்த்த மரமானால் நட்டவனுக்கு. புளி, இலுப்பை, வேம்பு மாதிரி தானாக முளைத்ததானால், கிளை எவன் நிலத்துக்கு மேல் நிற்கிறதோ அவனுக்கு. உழைப்பை அளவுகோலாக வைத்த இந்தப் பாகுபாட்டை நான் பலமுறை ரசித்திருக்கிறேன்.

இனி என் முன்மொழிவு ஒன்று. உரிமையை அனுபவிக்கும் நிலத்துக்கும் அதற்கு இடம் கொடுக்கும் நிலத்துக்கும் ‘டாமினன்ட்’, ‘சர்வியன்ட்’ என்று சட்டம் பெயர் வைத்திருக்கிறது. ஆதிக்கம், அடிமை என்று மொழிபெயர்க்கப் போனால் அண்டைவீட்டுச் சண்டை இன்னும் மூளும். ‘பெறுநிலம்’, ‘விடுநிலம்’ என்று வைக்கலாமா? வழிக்குப் பொருந்தும், தண்ணீருக்குப் பொருந்தும். வெளிச்சத்துக்கும் பொருந்தும், ‘நாலடி வெளிச்சம் விட்டுக் கட்டுங்க’ என்றுதானே கொத்தனார் சொல்கிறார்.

ஆனால் நேற்றிரவு இந்த உரையை எழுதிக்கொண்டிருக்கும்போது என் சொல்லிலேயே ஓட்டை தெரிந்தது. பாதை வழக்குகளில் பிரதிவாதி கூண்டில் ஏறி வழக்கமாகச் சொல்வது என்ன? “பக்கத்துக்காரராச்சே, போயிட்டு வரட்டும்னு விட்டோம்யா.” அந்த ‘விட்டோம்’ வெறும் அனுமதி, 52 ஆம் பிரிவின் லைசென்ஸ். அனுமதியில் 40 வருடம் நடந்தாலும் உரிமை பிறக்காது. விடுநிலம் என்று நாம் எழுதினால், அந்தப் பிரதிவாதியின் வாதத்தை நாமே பெயராக்கிக் கொடுத்ததாகிவிடும்.

இதற்கு என்னிடம் விடை இல்லை. முதல் அமர்வைத் தொடங்கலாம். பத்திர எழுத்தர்களே முதலில் பேசட்டும்.