ஈ என்பதா, தா என்பதா?

(திங்கட் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

 

மருத்துவம் மக்களின் உரிமையா, அரசு காட்டும் அருளா என்று பேசப் பணித்துள்ளீர்கள். நான் மருத்துவனல்லன்; சட்டம் பயின்றவனுமல்லன்; தமிழாசிரியன். ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவரிடம் ஒன்றை வேண்டும்பொழுது வழங்கும் சொற்கள் ஈ, தா, கொடு என மூன்றென்பார் தொல்காப்பியர். தாழ்ந்தவன் 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். பெறும் பொருள் ஒன்றே. கேட்பவன் நிற்கும் நிலைதான் வேறு. அரசு மருத்துவமனை வாயிலில் நம் ஏழை எச்சொல்லைச் சொல்லுகின்றான்? கைகட்டி, முதுகு வளைந்து, 'ஈ' என்றல்லவா நிற்கின்றான்! தீப்பெட்டி வாங்கினும் வரி செலுத்துபவன் அவன். அக்கட்டடம் அவன் பணத்தில் எழுந்தது. 'கொடு' என்று கேட்கவே அவனுக்குத் தகுதியுண்டு; 'தா' என்றாவது கேட்கட்டும் என்கிறேன்.

மக்கள் நலவாழ்வை மேம்படுத்துதல் அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றென அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகின்றது. ஆயின் அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்று. அந்நெறிகளைக் கொண்டு முறைமன்றத்தில் வழக்காட இயலாதென்று 37ஆம் பிரிவு சொல்லிவிடுகின்றது. கடமையென்று எழுதினார்கள், உடனே கதவையும் சாத்தினார்கள்!

அக்கதவைத் தட்டியவன் மேற்கு வங்காளத்து உழவுத் தொழிலாளி ஒருவன். 1992ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து, தலையில் பேரடிபட்டு, மூளையில் குருதிக் கசிவுற்றான். அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாய், படுக்கையில்லை, கருவியில்லை என்று அவனைத் திருப்பியனுப்பின. முடிவில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 உருபா செலவிட்டுப் பிழைத்தான். அவனும் அவன் சார்ந்த தொழிலாளர் அமைப்பும் வழக்குத் தொடுத்தனர். 1996ஆம் ஆண்டு உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது: 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையுள் காலத்தில் கிட்டும் மருத்துவமும் அடங்கும், பணமில்லை என்று கூறி அரசு தப்ப இயலாது, 25,000 உருபா இழப்பீடு தருக. நான்காண்டு காத்திருந்து பெற்ற தீர்ப்பு! குருதி கசியும் தலை நான்கு மணிநேரம் காத்திருக்குமா?

2023ஆம் ஆண்டு இராசத்தான் சட்டமன்றம் நலவாழ்வு உரிமைச் சட்டமே இயற்றியது. தனியார் மருத்துவர் பலர் தெருவிலிறங்கினர். முன்பணமின்றி நெருக்கடி மருத்துவம் செய்தால் எமக்குப் பணந் தருவார் யாரென்று கேட்டனர். அதை எள்ளற்க, முறையான கேள்வியே. பிறர் உழைப்பை ஒருவன் உரிமையாகக் கேட்கலாமா என்பாரும் உளர். அவர்க்கு என் தொழிலைக் காட்டுவேன். 6 முதல் 14 அகவை வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி உரிமையென 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அதனால் நான் எவர்க்கும் அடிமையாகிவிடவில்லை. ஊதியம் தருவது அரசு, கற்பிப்பது நான், உரிமை பிள்ளையுடையது. மருத்துவர்க்கும் அவ்வாறே அரசு பணந் தருக.

சட்டம் மட்டும் இருந்து, கிடங்கில் மருந்தில்லையேல் காய்ச்சல் தணியுமா? இதில் தமிழ்நாடு நல்வழி கண்டது. 1994ஆம் ஆண்டு அமைந்த மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் ஆய்ந்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, இவ்வளவு மதிப்புக்குப் பெறலாமென ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்கேடு கொடுத்தது.

எனினும், 'மருந்தில்லை, வெளியே வாங்கிக்கொள்' என்னும் சொல்லை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். கேட்டால் வாளா திரும்பாதீர்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, அம்மருந்தின் இருப்புக் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், 30 நாளில் விடை தந்தாக வேண்டும். 'பணிந்து வேண்டுகிறேன்' என்று எழுதாதீர்கள், 'தருக' என்றெழுதுங்கள். எழுத அறியாதார் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரலாம். தாளும் தூவலும் கொணர்ந்துள்ளேன்.