மாடியில ஒரு சோளக்கொல்லை பொம்மை

இந்த எபிசோட்ல கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல. ஒரு பொம்மை செஞ்ச கதை.

காலாண்டு லீவுக்கு அக்கா பசங்க ரெண்டு பேரும் கரையான்சாவடிக்கு வந்திருந்தாங்க. பையனுக்குப் பத்து வயசு, பொண்ணுக்கு ஏழு. மாடியில அம்மா ஆடி மாசம் வச்ச ஆறு தொட்டி தக்காளி, புதுசா விதைச்ச கீரை. கீரை ரெண்டு இலை விட்டா போதும், மறுநாள் காலையில வெறும் காம்புதான் நிக்கும். "சோளக்கொல்லை பொம்மை செய்யலாமா?"ன்னு கேட்டேன். "புது வீட்டு வாசல்ல தொங்குமே, அதுவா மாமா?"ன்னான் பையன்.

நியாயமான கேள்விதான். பூந்தமல்லி பக்கம் வளர்ற பசங்க இன்னைக்கு வைக்கோல் பொம்மையைப் பார்க்கிறதே கட்டட வேலை நடக்கிற இடத்துலதான். அது மனுஷங்க கண் திருஷ்டிக்கு. வயல்ல நிக்கிறது பறவைகளை விரட்ட. யாழ்ப்பாணத்துல இதுக்கு 'வெருளி'ன்னே பேரு.

செய்முறை சுலபம். சவுக்குக் கம்பு ரெண்டு, ஆறடியில ஒண்ணு, நாலடியில ஒண்ணு. குறுக்கே வச்சு சணல் கயித்தால இறுக்கிக் கட்டணும். என்னோட பழைய ஆபீஸ் சட்டைக்குள்ள தேங்காய் நார் அடைச்சோம். வைக்கோல் வேணாம், ஐப்பசி மழையில ஊறி அழுகிடும். தலைக்கு மண்சட்டி. சுண்ணாம்புல கண்ணு, கரியில மீசை. பழைய பெயின்ட் பக்கெட்ல மணலும் செங்கல்லும் போட்டு நட்டோம். மாடியில காத்து அதிகம், அதனால கைப்பிடிச் சுவரை விட்டுத் தள்ளியே வைங்க. கையில மினுமினுக்க என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சிடியைத் தொங்கவிட்டேன். "இது என்ன மாமா?"ன்னு பொண்ணு கேட்டா. நாலு வருஷப் படிப்பு கடைசியில இப்படித்தான் உபயோகப்பட்டுச்சு.

முதல் ரெண்டு நாள் ஒரு பறவையும் கிட்ட வரல. மூணாவது நாள் காலையில காக்கா ஒண்ணு மண்சட்டி மேல உட்கார்ந்திருக்கு.

இது எங்க வேலையில தினமும் நடக்கிறதுதான். ஒரே அலர்ட் காரணமே இல்லாம அடிச்சுக்கிட்டே இருந்தா, ஒரு கட்டத்துல யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். பறவையும் அப்படித்தான். அசையாத ஒண்ணால ஆபத்து வரலைன்னா சீக்கிரமே பழகிடும்.

நம்ம முன்னோர்கள் பொம்மையை மட்டும் நம்பல. சங்க இலக்கியத்துல தினைப்புனம் காக்கிறது பொண்ணுங்க. குறிஞ்சிப்பாட்டுல கிளி ஓட்டுற கருவிகளோட பேரே வருது: தழல், தட்டை, குளிர். தட்டைங்கிறது பிளந்த மூங்கில், தட்டினா சத்தம் வரும். அதாவது, உயிருள்ள ஆள் ஒருத்தர் அங்க இருந்தாங்க. பொம்மை, அந்த ஆள் சாப்பிடப் போற நேரத்துக்கு நிக்கிற மாற்று ஆள்தான்.

அதனால பசங்களுக்கு வேலை கொடுத்தேன். ரெண்டு நாளுக்கு ஒருமுறை பொம்மையை இடம் மாத்தணும், சட்டையை மாத்தணும். எந்தப் பறவை, எத்தனை மணிக்கு, எதைத் தின்னுச்சுன்னு நோட்டுல எழுதணும். ஒரே வாரத்துல தெரிஞ்சுபோச்சு: கீரையை முடிக்கிறது புறா, தக்காளியைக் கடிக்கிறது அணில். அணிலுக்குப் பொம்மை மேல பயமே இல்ல. பொம்மையோட கை மேல கரிச்சான் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிச்சுது. விவசாயிங்க பயிருக்கு நடுவுல டி வடிவத்துல குச்சி நட்டு வைக்கிறதே இதுக்குத்தான்.

நோட்டை மூடிட்டு பொண்ணு கேட்டா, "மாமா, இதெல்லாம் முன்னாடி எங்க சாப்பிட்டுச்சு?"

பக்கத்து மனையைக் காட்டினேன். போன வருஷம் வரைக்கும் அங்க புல்லும் முள்ளும் புதருமா இருந்துச்சு. இப்போ அஸ்திவாரம் போட்டிருக்காங்க. "அப்போ நாம விரட்டினா எங்க போகும்?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. எங்க வீடும் ஒருகாலத்துல அப்படி ஒரு மனைதானே.

பையனும் பொண்ணும் அரைமணி நேரம் சண்டை போட்டாங்க. அவனுக்கு ஒரு தக்காளியைக்கூட விட மனசில்ல. கடைசியில ஒப்பந்தம்: ஆறு தொட்டியில ஓரத்துல இருக்கிற ஒண்ணு பறவைக்கும் அணிலுக்கும். பொம்மை அந்தப் பக்கம் போகாது. கீரை நாலு இலை விடுற வரைக்கும் மேல வலையை இழுத்துக் கட்டுறது. வலை தளர்வா இருந்தா குருவி கால் சிக்கிக்கும், கவனம். அதேபோல நைலான் நூல் கட்டவே கட்டாதீங்க.

ஒப்பந்தத்தை அணில் படிக்கல. மத்த தொட்டியிலயும் கடிக்குது. ஆனா கீரை தப்பிச்சுது. பசங்க ஊருக்குப் போயாச்சு. இப்போ பொம்மையை இடம் மாத்துறது என் வேலை. வீடியோ கால்ல பொண்ணு முதல்ல கேக்கிறதே, "ஓரத்துத் தொட்டிக்கு யார் வந்தாங்க?"ன்னுதான்.

உங்க ஊர்ல இந்தப் பொம்மைக்கு என்ன பேரு? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.