முரசும் தந்தியும்

மும்பையிலோ தில்லியிலோ அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மில் பலருக்கு, அண்டை வீட்டு இளைஞர் கேட்கும் மேனாட்டு இசையின் பாட்டு காதில் விழுவதில்லை. அதன் அடித்தாளம் மட்டும் சுவர் வழியே வந்து சேருகிறது. அதை இரைச்சலென்று தள்ளுமுன் ஒருமுறை செவி சாய்ப்போமாக. அத்தாளத்தின் ஊற்றுக்களில் ஒன்று, 1960-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே எழுந்த ‘ஃபங்க்’ என்னும் இசையாகும்.

1967-இல் ஜேம்ஸ் பிரவுன் தம் குழுவினருடன் ‘கோல்ட் ஸ்வெட்’ என்னும் பாடலைப் பதிவு செய்தார். டிரம் வாசித்தவர் கிளைடு ஸ்டபில்ஃபீல்டு. பாஸ் கிதார் வாசித்தவர் பெர்னார்டு ஓடம். நான்கு அட்சரம் கொண்டது ஓர் ஆவர்த்தனம். நாம் சமம் என்கிறோமே, அந்த முதல் அட்சரத்தில் அனைவரும் கூடிவிடவேண்டும் என்பது பிரவுனின் கண்டிப்பு. அதன்பின் அவரவர் தத்தம் இடத்தில் புகுந்து விலகலாம். நான்காம் அட்சரத்தில் நாம் எதிர்பார்க்கும் ஸ்நேர் டிரம்மின் அடி, இப்பாடலில் அரை அட்சரம் தாமதித்து விழுகிறது. அந்தச் சிறு ஏமாற்றத்திலேதான் நம் கால் தானே அசைகிறது.

இக்கலைஞர்கள் இறுக்கம் என்று போற்றுவது யாது? காலால் மிதித்து முழக்கும் பெரிய டிரம்மும் பாஸ் கிதாரின் தடித்த தந்தியும் ஒரே கணத்தில் எழுதல். அதனினும் அரியது, எழுப்பிய ஒலியை உரிய கணத்தில் விரலால் அடக்குதல். தந்தி சற்றே கூடுதலாக ஒலித்தாலும் அடுத்த அடியின் கூர்மை மங்கிவிடும்.

ஸ்டபில்ஃபீல்டு டென்னஸி மாநிலத்துச் சட்டநூகா நகரில் பிறந்தவர். ஆசிரியரிடம் பயின்றவரல்லர், ஆலை இயந்திரங்களும் புகைவண்டிகளும் எழுப்பிய ஓசையே அவருக்குப் பாடமாயிற்று. 1969 நவம்பரில் சின்சினாட்டியில் ‘ஃபங்கி டிரம்மர்’ என்னும் பாடல் பதிவாயிற்று. இடையில் மற்றக் கருவிகளை நிறுத்தச் செய்த பிரவுன், தனி ஆவர்த்தனம் வேண்டா, வாசித்துக்கொண்டிருப்பதையே வாசிக்க என்று டிரம் கலைஞரைப் பணித்தார். எட்டு ஆவர்த்தனம், ஏறக்குறைய 20 விநாடி, அவர் அப்படியே வாசித்தார். வல்லடிகளுக்கு நடுவே இடக்கைக் குச்சி, பேச்சினிடையே மூச்சுப்போல, மெல்லடிகளை இழைத்துச் செல்கிறது.

1980-களில் ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டும் கருவிகள் பெருகின. அந்த 20 விநாடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஏறிற்று. ஆனால் பாடலின் ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் பிரவுனே. வாசித்தவருக்கு அன்றைய ஊதியத்துக்கு மேல் கிட்டியது மிகச் சொற்பம். அவர் 2017-இல் மறைந்தார். மெட்டமைத்தவருக்கு உரிமை உண்டெனின், தாளமே உயிராயிருக்கும் இசையில் தாளம் அமைத்தவருக்கு ஏன் இல்லை? இம்முறையை நியாயமென்று நம்மால் ஒப்ப முடியவில்லை.

அடுத்த முறை சுவர் அதிரும்போது, அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, அப்பகுதியைப் போட்டுக்காட்டுமாறு அந்த இளைஞரைக் கேட்போம். இடக்கையின் மெல்லடிகள் சுவரைத் தாண்டி வருவதில்லை.