அக்கரை போகுமுன் கடிதத்தைப் படியுங்கள்



தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரங்கள் சாய்ந்தன. நம் பிள்ளைகள் பலர் ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். போகவேண்டாமென்று நாம் தடுக்கவில்லை. பத்திரமில்லாமல் போகாதீர்கள் என்றே சொல்கிறோம்.

பத்திரமில்லாதவர் படும் பாடு நமக்குப் புதிதல்ல. 1957-இல் சுதந்திரம் வந்தது. குடியுரிமை பெறாத நம்மவர் பலர் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றனர். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களிடம் பெர்மிட் கேட்டது. உழைத்த மண்ணிலேயே வேலையிழந்து எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின.

ஆகவே முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள். வேலை பெர்மிட்டுக்கு மனுச் செய்யவேண்டியவர் சிங்கப்பூர் முதலாளி. மனு ஏற்கப்பட்டால் ஐ.பி.ஏ. என்னும் ஒப்புதல் கடிதம் வரும். அதில் முதலாளி பெயர், வேலை, அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் யாவும் இருக்கும். ஏஜெண்டு வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்திலுள்ள சம்பளமும் ஒன்றுதானா? புறப்படுமுன் பாருங்கள். கடிதத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

"முதலில் வா, பெர்மிட் பிறகு பார்க்கலாம்" என்பவரை நம்பாதீர்கள். சுற்றுலா அனுமதியில் போய் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட் வெளியாகுமுன் வேலையில் கை வைக்காதீர்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளருக்கான லெவி முதலாளி கட்டவேண்டியது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்கவேண்டும். வேலையில் காயம்பட்டால் ஓராண்டுக்குள் நஷ்டஈடு கோரவேண்டும். வேலையை விட்டு வந்தபின் சம்பளப் பாக்கி கேட்பதானால் 6 மாதத்திற்குள் புகார் செய்யவேண்டும். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். அவையே உங்கள் சாட்சி.

அங்கே நிரந்தரவாசி அல்லாதவருக்குச் சேமநிதி கிடையாது. முதுமையை எண்ணி, இங்குள்ள ஈ.பி.எஃப். கணக்கில் விரும்பிய தொகையை நீங்களே கட்டி வாருங்கள்.

கிராணிமார்களே! ஆங்கிலக் கடிதத்தை ஏந்தி ஒரு தாய் உங்கள் வாசலுக்கு வந்தால், முழுவதையும் தமிழில் படித்துக் காட்டுங்கள். அந்தக் கால் மணி நேரம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

தோழர்களே! படிக்காத கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உழைப்பு நம்முடையது, அதற்கான அத்தாட்சியும் நம் கையில் இருக்கட்டும்.