மூட்டினுள் முதுமையைக் காணுதல்



மூட்டு மருத்துவரும் கதிரியல் நிபுணரும் உயிரணு ஆராய்ச்சியாளரும் ஒருங்கே கூடியுள்ள இம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கும் கௌரவத்தை எனக்களித்த வரவேற்புக் குழுவினருக்கு என் மனமார்ந்த வந்தனம்.

2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 52.8 கோடி மக்கள் மூட்டுத் தேய்மானத்தால் அவதியுற்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இத்துணைப் பெரிய வியாதியின் கதியை அளக்க, 1957இல் கெல்கிரனும் லாரன்ஸும் வகுத்த எக்ஸ்-கதிர்ப் படிநிலைகளையே நாம் இன்றளவும் பெரிதும் நம்பியிருக்கிறோம். அவை எலும்பின் புதுமுனைப்புகளையும் மூட்டிடைவெளி குறுகுதலையும் காட்டுமேயன்றி, அந்நாசத்திற்குத் துணைநிற்கும் உயிரணுக்களைக் காட்டுவதில்லை.

மனித உயிரணுக்கள் சோதனைக்கலத்தில் ஏறத்தாழ 50 முறை பெருகியபின் பிரிவதை நிறுத்திவிடுகின்றன என்று 1961இல் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் நிரூபித்தனர். இவ்வாறு முதுமையுற்ற உயிரணு மடிவதுமில்லை, வாளா இருப்பதுமில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்களையும் குருத்தெலும்பைச் சிதைக்கும் நொதிகளையும் சுரந்து, அண்டையிலுள்ள உயிரணுக்களையும் தன் நிலைக்கே கொணர்கிறது. காயமுற்ற எலியின் மூட்டிலிருந்து இவற்றை அகற்றினால் தேய்மானம் தணிகிறது என்ற 2017ஆம் ஆண்டு ஆராய்ச்சி பெரும் நம்பிக்கையூட்டிற்று. ஆயினும் அத்தகைய மருந்தொன்றை மனிதரின் முழங்காலில் செலுத்திய சோதனையில், 12 வாரங்களுக்குப்பின் மருந்து பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் வலியில் வேறுபாடில்லை என்று 2020இல் அறிந்தோம். எந்த மூட்டில் முதுமையணுக்கள் மிகுந்துள்ளன, மருந்துக்குப்பின் அவை குறைந்தனவா என்பவற்றை உயிருள்ள உடலிலேயே கண்டறிந்தாலன்றி, இத்தகைய சோதனையின் வெற்றிக்கோ தோல்விக்கோ நாம் சரியான காரணம் கூற இயலாது.

அதற்கு ஒரு மார்க்கம் தோன்றியிருக்கிறது. முதுமையணுக்களில் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்னும் நொதி மிகுதியாக வெளிப்படுவதை 1995 முதல் நாம் சாயமிட்டுக் கண்டுவருகிறோம். படத்திற்கு ஒளியூட்டும் கடோலினிய அணுவை நீர் நெருங்காதவாறு சர்க்கரை மூலக்கூறொன்றால் மூடிவைத்தால், அந்நொதி மூடியை வெட்டிய இடத்தில் மட்டும் காந்த ஒத்ததிர்வுப் படம் ஒளிபெறும். இத்தத்துவம் 2000ஆம் ஆண்டிலேயே தவளைக் கருவில் மெய்ப்பிக்கப்பட்டது. அதனை மூட்டுகளின் முதுமையணுக்களைக் காணப் பிரயோகிக்கும் முயற்சி இப்போது விலங்குகளில் நடைபெறுகிறது.

எனினும், ஒளிர்வதெல்லாம் முதுமையென்று கொள்ளலாகாது. அழன்ற மூட்டில் திரளும் விழுங்கணுக்களிலும் இந்நொதி உண்டு. ஆகவே ஒரே அடையாளத்தை நம்பாது, வேறோர் அடையாளத்தையும் உடன்வைத்து ஒப்பிடல் வேண்டும். மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வரும் நோயாளரின் சம்மதம் பெற்று, முன்னதாகப் படமெடுத்து, பின்னர் அகற்றிய திசுவை அதே இடத்தில் வெட்டிச் சோதிப்பதே இதற்குச் சிறந்த பரீட்சை. முதியோர் பலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்குமாதலால், கடோலினியத்தின் அளவிலும் மிகுந்த ஜாக்கிரதை அவசியம்.

படமெடுப்போரும் திசுவை ஆராய்வோரும் தனித்தனியே உழைத்தால் இப்பரீட்சை நிறைவேறாது. மூன்று துறையினரும் ஒப்புக்கொள்ளும் பொதுவான அளவுமுறையொன்றை இவ்வவை வகுத்துத் தருமானால், வலியால் நடை தளர்ந்தோர்க்கு நாம் செய்யும் மெய்யான தொண்டு அதுவே ஆகும். அப்பணியை உங்களிடம் ஒப்புவித்து, மாநாட்டை மகிழ்ச்சியுடன் தொடங்கிவைக்கிறேன்.